பக்கத்திலிருந்து பார்த்த டிவி

டிவி வாங்கக் கடைக்குப் போனால் நான் செய்கிற ஒரு காரியம் என் கணவருக்குப் பிடிப்பதில்லை. கடைக்காரர் ஏதோ ஒரு பெட்டியின் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்கு நாலு தப்படி இடது பக்கம் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவேன். உட்கார்ந்து, தலையைத் தூக்கி, அங்கிருந்து படம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பேன். இப்போது வருகிற டிவிகள் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் ஒழுங்காகத்தான் தெரிகின்றன. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் உட்காராமல் வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்தப் பழக்கம் ஆரம்பித்த வருடம் எனக்குப் பதினோரு வயது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகருக்குப் போகிற வழியில், ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தார். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீமுஷ்ணத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஒரே ஒரு பையோடு வந்தவள், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை வந்ததில் எனக்கு லாபம் மட்டும்தான் இருந்தது. என் அறையில் என்னோடு படுத்துக்கொண்டாள், தலை பின்னிவிட்டாள், கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.

பகலில் பல்கலைக்கழக வாசல் பக்கம் ஒரு டைப்பிங் சென்டரில் அத்தைக்கு வேலை. ஆராய்ச்சி மாணவர்கள் கையால் எழுதிக் கொண்டுவருவதை கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து, முகம் கழுவி, டீயோடு உட்கார்ந்தால் ஏழரைக்கு சீரியல். சீரியல் பார்ப்பதைவிட அத்தை அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. "பாத்துக்கிட்டே இரு, நாளைக்கு அந்த லெட்டரு நேரா மாமியார் கையில மாட்டும்" என்பாள். மறுநாள் மாட்டும். எப்படி அத்தை உனக்குத் தெரிஞ்சுது என்று கேட்டால், "நூறு தீசிஸ் அடிச்சவளுக்கு மொத பக்கத்தப் பாத்தாலே கடசி பக்கம் தெரிஞ்சிடும் பாப்பா" என்று சிரிப்பாள்.

அத்தை உட்காருகிற இடம் ஒன்று உண்டு. எங்கள் கூடம் நீளமானது, அகலம் கிடையாது. ஒரு கோடிச் சுவரில் டிவி, எதிர்க் கோடியில் சோபா. இடது பக்கத்து நீளச் சுவரில், டிவிக்குக் கிட்டத்திலேயே எங்கள் அறையின் வாசல். அந்த வாசலில், நிலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்காருவாள். சோபாவில் இடம் காலியாகக் கிடந்தாலும் வர மாட்டாள். அப்பா அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தார். அதில் மடித்த துணிகளை அடுக்கி வைத்துவிட்டு மறுபடி தரையிலேயே உட்கார்ந்தாள். வெளியே கேட் சத்தம் கேட்டால், யார் என்று தெரிவதற்கு முன்பே எழுந்து உள்ளே போய்விடுவாள். வருகிறவர்கள் எல்லோரும் அத்தையிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எப்போது திரும்பிப் போகிறாய் என்ற கேள்வி. அந்தக் கேள்வியும் அந்த வாசலும் ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்டவை என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை.

பழைய டிவி பெரிய வயிறு வைத்த குண்டுப் பெட்டி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும், அதாவது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கொஞ்சம் பச்சையாகத் தெரியும். அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இறங்கி, கேபிள் வயர் வழியாக வந்து அதன் உயிரை வாங்கிக்கொண்டு போனது. பொங்கலுக்குள் புது டிவி என்று முடிவாயிற்று.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடலூரில் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரிய டிவி கடையில் விற்பனையாளராக இருந்தார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் என் அப்பாவை மாமா என்று கூப்பிடுவார். அப்பா அவரை மச்சான் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர், கையைக் கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். பிளாஸ்மா, எல்.சி.டி. என்று இரண்டு ஜாதி இருப்பதாகவும், உலகமே இப்போது அதில் எது நல்லது என்றுதான் அடித்துக்கொள்கிறது என்றும் சொன்னார்.

"ப்ளாஸ்மால கருப்புன்னா கருப்பாவே இருக்கும் மாமா. மேட்ச்சுல பந்து ஓடுனா பின்னாடி வாலு வராது. ஆனா சூடாவும், கரண்ட்டு ஜாஸ்தி இழுக்கும். எல்.சி.டி. பகல்லகூட பளிச்சுன்னு இருக்கும், லேசா இருக்கும், செவுத்துல மாட்டிக்கலாம். நான் கடையில நின்னா எல்.சி.டி.தான் நல்லதுன்னு சொல்லணும், மொதலாளி அப்படித்தான் சொல்லச் சொல்றாரு. இங்க அக்கா கையால சாப்டுட்டு அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டுலயும் நல்லது இருக்கு, ரெண்டுலயும் கெட்டது இருக்கு."

அம்மாவுக்கு கரண்ட்டு ஜாஸ்தி என்ற வார்த்தையிலேயே விஷயம் முடிந்துபோனது. அதோடு பிளாஸ்மாவின் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும், சன்னல் முதல் ட்யூப்லைட் வரை எல்லாம் அதில் தெரியும் என்று மாமா சொன்னதும், "அப்ப அதுல நாம மூஞ்சி பாத்துக்க வேண்டியதுதான், சீரியல் எங்க பாக்கறது?" என்றாள்.

எனக்கும் எல்.சி.டி.தான் வேண்டும். என் வகுப்புத் தோழி ஒருத்தி வீட்டில் அதைத்தான் வாங்கியிருந்தார்கள். பிளாஸ்மாவுக்குள் கேஸ் அடைத்து வைத்திருக்கிறார்கள், இரண்டு வருடத்தில் அது கசிந்து போய்விடும், அப்புறம் வெறும் பலகைதான் மிஞ்சும் என்று அவள் வகுப்பு முழுவதுக்கும் சொல்லியிருந்தாள். பலகை வைத்திருக்கிற வீட்டுப் பெண் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை.

அப்பா சூட்டைப் பற்றியோ பந்தைப் பற்றியோ கேட்கவில்லை. "சைடுலேர்ந்து பாத்தா எப்படி மச்சான் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். மாமா யோசித்துவிட்டு, அதில் பிளாஸ்மாதான் கெட்டி, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் என்றார். எல்.சி.டி. நேராகப் பார்த்தால்தான் அழகு, ஆனால் இப்போது வந்திருக்கும் புது மாடலில் அதையும் சரிசெய்துவிட்டதாகக் கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள், நீங்களே வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அப்பா ஆய்வுக்கூடத்திலிருந்து மரத்தில் செய்த பெரிய கோணமானி ஒன்றை எடுத்து வந்தார். கரும்பலகையில் வாத்தியார்கள் வைத்துக் கோடு போடுவார்களே, அந்த மாதிரி. அத்தை வேலையிலிருந்து வருவதற்கு முன்னால், டிவி இருந்த சுவரிலிருந்து ஒரு நூலை இழுத்து, கூடத்தின் நடுவே ஏதேதோ அளந்து, ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டார். டிவி மேசைக்கு இடம் பார்க்கிறார் என்று நினைத்து நான் வீட்டுப்பாடத்தில் மூழ்கிவிட்டேன்.

சனிக்கிழமை அப்பாவும் நானும் கடலூருக்கு பஸ் ஏறினோம். அம்மா வரவில்லை. "ரெண்டுல ஒண்ணுதான, பாத்து வாங்கிட்டு வாங்க. கரண்ட்ட மறந்துடாதீங்க" என்று வழியனுப்பினாள். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது நான் மனதுக்குள் எல்.சி.டி. எல்.சி.டி. என்று சொல்லிக்கொண்டே வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததுமே எனக்குத் தலை சுற்றியது. சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி. சிவப்புக் கிளி, பச்சைக் காட்டுக்குள்ளே மெதுவாகச் சிறகு விரித்துப் பறந்தது. எல்.சி.டி.யில் அது அப்படியே எரிந்தது. பக்கத்திலிருந்த பிளாஸ்மாவில் அதே கிளி கொஞ்சம் சோர்ந்தாற்போல், வெயிலிலிருந்து நிழலுக்கு வந்தாற்போல் இருந்தது. மாமா டை கட்டிக்கொண்டு ஓடி வந்தார். டை கட்டிய மாமாவை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கடையில் பார்த்து டிவி வாங்கக் கூடாது என்று அவரே ரகசியமாகச் சொன்னார். இங்கே எரிகிற நூறு விளக்கும் உங்கள் வீட்டில் எரியாது, இருட்டில் பார்த்தால்தான் பிளாஸ்மாவின் அருமை தெரியும் என்று எங்களை ஒரு சின்ன இருட்டறைக்குள் கூட்டிப் போய்க் காட்டினார். அங்கே வேறொரு பிளாஸ்மாவில் இரவு வானம் ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே இருந்த இருட்டு நிஜமாகவே இருட்டாக இருந்தது. அப்பா தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். எனக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. இருட்டைப் பார்க்கவா டிவி வாங்குவார்கள்?

வெளியே வந்ததும் மாமாவை வேறு ஒரு வாடிக்கையாளர் அழைத்துக்கொண்டு போனார். அப்பா சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தார். அடுத்தடுத்து இருந்த அந்த எல்.சி.டி.க்கும் பிளாஸ்மாவுக்கும் முன்னால் நின்று, இடது பக்கமாக நாலு தப்படி எண்ணி வைத்தார். அங்கே நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். வண்டியிலிருந்து விழுந்து முட்டி பிசகியதிலிருந்து அவரால் தரையில் சம்மணமிட முடியாது. கடை நடுவில் காலை நீட்டி உட்காரக் கூச்சமாகவும் இருந்திருக்கும்.

"நீ இங்க ஒக்காரு பாப்பா" என்றார்.

பளபளவென்று இருந்த தரையில் நான் உட்கார்ந்தேன்.

"ரெண்டையும் நல்லாப் பாத்து சொல்லு. எதுல எப்படித் தெரியுது?"

பிளாஸ்மாவில் கிளி அப்படியே இருந்தது. எல்.சி.டி.யில் என் கிளியைக் காணோம். அதன் சிவப்பெல்லாம் துவைத்து வெளுத்த ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. காடு சாம்பல் பூத்துக் கிடந்தது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் கிளியின் கண் இருந்த இடம் வெள்ளையாகவும் சுற்றிலும் கருப்பாகவும் மாறியது. போட்டோ எடுத்த பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் தெரியுமே, அதுமாதிரி.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தோழியின் முகம் ஞாபகம் வந்தது. பலகை ஞாபகம் வந்தது. நேராக நின்று பார்த்தபோது எரிந்த அந்தச் சிவப்பு ஞாபகம் வந்தது. நான் எங்கே தரையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்?

"ரெண்டும் ஒண்ணாத்தாம்பா தெரியுது" என்றேன்.

"நெசமாவா? நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்துட்டேன்ப்பா. ஒரே மாதிரிதான் இருக்கு."

அப்பா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. மாமா திரும்பி வந்ததும், "புது மாடல்ல சரி பண்ணிட்டாங்கதான் மச்சான். பாப்பா ஒக்காந்து பாத்துச்சு. எல்.சி.டி.யே போட்டுடு, ஒங்க அக்காவுக்கும் திருப்தி" என்றார். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அதற்குள் பில் போடுகிறவர் கூப்பிட்டுவிட்டார்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் டிவி வந்தது. கடையிலிருந்து வந்த ஆள் சுவரில் துளை போட்டு, அம்மா சொன்ன உயரத்தில் அதை மாட்டினார். அம்மா சொன்ன உயரம், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வருகிற உயரம். பளிச்சென்று இருந்தது. நான் சோபாவின் நடுவில் உட்கார்ந்து ரிமோட்டை யாருக்கும் தராமல் வைத்திருந்தேன்.

ஏழு மணிக்கு அத்தை வந்தாள். புது டிவியைப் பார்த்து, "அடேயப்பா, செவுரே படம் காட்டுதே" என்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டீ டம்ளரை வைத்துவிட்டு, அறை வாசலில், நிலையில் முதுகைச் சாய்த்து, தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இடது பக்கம். நாலு தப்படி. தரை.

அத்தை டிவியைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். உட்கார்ந்தபடியே கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி தளர்ந்தாள். "நல்லாத் தெரியுதாம்மா?" என்று அப்பா சோபாவிலிருந்து கேட்டார். "ம், நல்லாருக்கு அண்ணே. பளிச்சுன்னு இருக்கு" என்றாள் அத்தை.

நான் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதாநாயகியின் முகம் கரி பூசியதுபோல் இருந்தது. பல் மட்டும் தெரிந்தது. கூட நிற்பது அவள் அம்மாவா மாமியாரா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொங்கல் வந்தது, போனது. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் டிவி பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். வாசலில் உட்காருவாள், மடியில் திருத்த வேண்டிய தாள்களை வைத்துக்கொள்வாள். "கதைதான பாப்பா, காதுல விழுந்தாப் போதும்" என்பாள். சில சமயம் நிமிர்ந்து, "இது யாரு பேசறது, சின்ன மருமவளா?" என்று கேட்பாள். ஒரு நாள், "அந்தப் பொண்ணு இன்னிக்கி என்னா கலரு பொடவ கட்டியிருக்கு?" என்றாள்.

அதிலிருந்து அது என் வேலையாயிற்று. ஏழரை மணி ஆனால் நான் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். எனக்கும் அங்கிருந்து ஒன்றும் தெரியாது. அதனால் முட்டிபோட்டு, கூடத்துக்குள் கழுத்தை நீட்டி, எட்டிப் பார்த்துவிட்டு வந்து அத்தையின் காதில் சொல்வேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா விழல. வாசல்ல வெள்ள காரு வந்து நிக்குது. எட்டிப் பார்க்கச் சோம்பலாக இருக்கிற நாட்களில் நானே இட்டுக்கட்டிச் சொல்வேன். மாமியாருக்கு மூக்குத்தி எட்டுக்கல் என்பேன். அத்தை தாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொள்வாள். "எட்டுக்கல்லா? போன வாரம் அஞ்சுதான சொன்ன?" என்பாள். அவள் விரல்களில் பிரிண்டர் மை வாசனை அடிக்கும்.

நான் தப்புக்குத் தண்டனையாக இதைச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் அரைமணி நேரம் தண்டனை அனுபவித்தால் ஒரு நாள் கணக்குச் சரியாகிவிடும், அப்பாவிடம் சொல்ல வேண்டியிருக்காது என்று எண்ணம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அத்தை தன் புருஷனோடு நடந்துகொண்டிருந்த வழக்குக்காகக் கடலூர் கோர்ட்டுக்குப் போயிருந்தாள். திரும்ப நேரமாகும் என்று சொல்லியிருந்தாள். அறை வாசலை ஒட்டி இருந்த ப்ளக் பாயிண்ட்டில் பொறி வருவதாக அம்மா சொன்னதால், அப்பா ஒரு மணையைப் போட்டு, முட்டி நோகாமல் காலை நீட்டி உட்கார்ந்து அதைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சோபாவில். டிவியில் ஏதோ பாட்டு வந்தது. அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கொஞ்சம் நிமிர்ந்தார். அத்தை முதல் நாள் செய்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். பாட்டு முடிந்து விளம்பரம் வந்து, அதுவும் முடிந்தது.

"பாப்பா, இங்க வா."

போனேன்.

"கடையில ஒக்காந்து பாத்தியே, அப்பவும் இப்படித்தான் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தார்.

"அத்த எதுனா சொன்னாளா, தெரியலன்னு?"

"இல்லப்பா."

"சொல்ல மாட்டா" என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. நான் அழ ஆரம்பித்தேன். எனக்கு எல்.சி.டி. வேண்டுமென்று இருந்தது, அதனால் பொய் சொன்னேன், தோழி வீட்டில் இருக்கிறது, பிளாஸ்மாவில் கேஸ் போய்விடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அப்பா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ஒன்ன ஒக்கார வச்சிட்டு நான் நின்னுக்கிட்டு இருந்தேன் பாரு, அது என் தப்பு. நானே ஒக்காந்து பாத்திருக்கணும். நாலு பேரு சிரிச்சாத்தான் என்னா?" என்றார். பிறகு, இதை அத்தையிடம் சொல்லாதே என்றார். தனக்காகத்தான் அப்படியெல்லாம் பார்த்து டிவி வாங்கினோம் என்று தெரிந்தால் அவள் கூச்சப்படுவாள் என்றார். நான் பொய் சொன்னதை மறைக்கச் சொல்கிறார் என்று நினைத்து, அப்பா எவ்வளவு நல்லவர் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ட்ரில்லிங் மெஷினோடு வந்தார். மாற்றித் தரச் சொல்லிக் கடையில் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். மாட்டிப் புழங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் உனக்குத்தான் கெட்ட பெயர், வேண்டாம் மச்சான் என்று அப்பா சொல்லிவிட்டார். டிவியைக் கழற்றி, அறை வாசலுக்கு நேர் எதிரே இருந்த நீளச் சுவரில் மாட்டப் போகிறோம் என்றார்.

"எதுக்கு இப்ப?" என்றாள் அம்மா.

"சன்னல் வெளிச்சம் அடிக்குது" என்றார் அப்பா.

எல்.சி.டி.யில் வெளிச்சம் அடிக்காது என்பதற்காகவே அதைக் கேட்டவள் அம்மா. வாயைத் திறந்தவள், அப்பா பென்சிலால் சுவரில் குறி வைத்த இடத்தைப் பார்த்தாள். "இவ்ளோ கீழயா?" என்றாள். திரும்பி அறை வாசலைப் பார்த்தாள். அப்புறம் ஒரு பழைய நாளிதழை எடுத்து வந்து, துளை போடும் இடத்துக்குக் கீழே தூசி விழாதபடி விரித்துவிட்டாள்.

சோபாவை மட்டும் நகர்த்த முடியவில்லை. குறுக்கே போட்டால் நடக்க வழி இருக்காது. ஆகவே சோபா இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கழுத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அப்படித் திருப்பினாலும் சிவப்பு ரோஸாகத்தான் தெரியும். "மேட்ச்சு பாக்கறதுக்கு கலரு என்னாத்துக்கு?" என்றார் அப்பா.

மறுநாள் சாயங்காலம் அத்தை வந்து வழக்கம்போல் வாசலில் உட்கார்ந்தாள். டிவி அவள் கண்ணுக்கு நேராக, அவள் உட்கார்ந்த உயரத்துக்கே இருந்தது. கதாநாயகி அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தாள். அத்தை அன்றைக்கு மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தையும் பார்த்தாள், சோபாவில் கழுத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணே, ஒங்களுக்குத் தெரியுதா?" என்றாள். "ஜோராத் தெரியுது" என்றார் அப்பா.

நான் சோபாவின் ஓரத்தில், டிவி இருந்த சுவரை ஒட்டி, எல்லாரையும்விட மோசமாகத் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தேன். அத்தைக்கு ஒன்றரை மாதம் எப்படித் தெரிந்ததோ அப்படியே எனக்கும் தெரியட்டும் என்று.

அத்தை பக்கத்தில் தரையைத் தட்டினாள். "அங்கேர்ந்து என்னா தெரியும்? இங்க வா பாப்பா" என்றாள்.

"எனக்கு இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது அத்த" என்றேன்.

மறுநாளும் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அவளுக்குக் கலர் சொல்ல இனி ஆள் தேவையில்லை, அவளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். அவள் கூப்பிடக் கூப்பிட, மறுக்க மறுக்க, என் தப்பு கரைந்துகொண்டே வருவதாக எனக்குப் பட்டது. ஒரு வாரம் கழித்து அத்தை தட்டுவதை நிறுத்திக்கொண்டாள். மடியில் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு தெளிவாகத் தெரிகிற படத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஏன் தாளையே பார்க்கிறாள் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அடுத்த வருடம் வழக்கு முடிந்து, அத்தைக்குக் கடலூரில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு விடுதியில் தங்கிக்கொள்ளப் போய்விட்டாள். போகிற வரைக்கும் அந்த வாசலில்தான் உட்கார்ந்தாள். நானும் அவள் போகிற வரைக்கும் சோபாவின் ஓரத்தை விடவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டது நல்ல இடத்திலிருந்து படம் பார்ப்பதற்காக என்றே நான் நம்பியிருந்தேன். அந்த நல்ல இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதில் எனக்கு அப்போது அவ்வளவு பெருமை.